மலைப்பள்ளித் தலைமையாசிரியர் பெற்றோருக்கு எழுதும் மாதக் கடிதம்: எதை எழுதுவது, எப்படிக் கொண்டுசேர்ப்பது?

கேள்வி இது: கோத்தகிரி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்திருக்கிறீர்கள். சமவெளியில் வேலை பார்த்தவர். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். பிள்ளைகள் பாதிப் பேர் ஹட்டியிலிருந்தும் (படுக மக்களின் ஊர்) மீதிப் பேர் எஸ்டேட் லயன்களிலிருந்தும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வருகிறார்கள். பள்ளியில் நடப்பதை மாதந்தோறும் பெற்றோருக்கும் ஊருக்கும் தெரிவிக்க வேண்டும், ஊர் நிகழ்ச்சிகளோடு பள்ளியைச் சேர்க்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடிதம் யார் கைக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். காலை ஏழரைக்குள் வீட்டைப் பூட்டிவிட்டு இலை பறிக்கப் போகிற ஓர் அம்மாவின் கைக்குப் போகிறது. அவருக்கு முதலில் தெரிய வேண்டியது மூன்று: எந்த நாள் பள்ளி இல்லை, எந்த நாள் பிள்ளை சீக்கிரம் வீடு திரும்பும், பிள்ளையிடம் என்ன கொடுத்தனுப்ப வேண்டும். மலையில் ஒரு பிள்ளை நடுப்பகலில் பூட்டிய வீட்டுக்குத் திரும்பினால் அது ஆபத்தான விஷயம். அதனால் கடிதத்தின் முதல் நான்கு வரிகள் தேதிகளுக்கே. விழாவில் யார் பேசினார்கள், யார் பரிசு வாங்கினார்கள் என்பது கீழே வரட்டும். நிறைய பள்ளிகளில் இது தலைகீழாக இருக்கிறது. முதல் பத்தி முழுக்க நன்றி, கடைசி வரியில் 'வெள்ளிக்கிழமை அரை நாள்' என்று வரும். கடைசி வரி வரைக்கும் படிக்க அந்த அம்மாவுக்கு நேரமில்லை.

அளவு, ஏ4 தாளில் ஒரு பக்கம். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். பல வீடுகளில் அதைப் படிப்பவர் பாட்டியோ தாத்தாவோதான். தேதியோடு கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கிழமையைத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இங்க்ஜெட் அச்சு மழையில் நனைந்தால் மை கரைந்து ஓடிவிடும், அதனால் ஒரு பிரதியை மட்டும் அச்செடுத்து மீதியை ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். அது ஈரத்துக்குத் தாங்கும். தாளைப் பிள்ளையின் பையில் போட்டால் போதாது. பாடநூலின் பின்னட்டைக்குள் செருகி, 'வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வா' என்று அடியில் ஒரு சிறு துண்டு வைத்து அனுப்புங்கள். திரும்பி வராத துண்டுகளை எண்ணினால் எந்த வீட்டுக்குச் செய்தி போகவில்லை என்று தெரிந்துவிடும்.

வாட்ஸாப்பை மட்டும் நம்பாதீர்கள். பல எஸ்டேட் பகுதிகளில் சிக்னல் கிடையாது, மழை நாளில் இருப்பதும் போய்விடும். வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் அது பெரும்பாலும் அப்பாவிடம் இருக்கும், அவர் திருப்பூரிலோ கோவையிலோ வேலையில் இருப்பார். தாளின் நான்கு பிரதிகளை எஸ்டேட்டில் காலை மஸ்டர் (வேலையாட்களின் வருகைப் பதிவு) எடுக்கும் இடம், ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிற்கும் இடத்து டீக்கடை ஆகிய இடங்களில் ஒட்டுங்கள். வாட்ஸாப் குழுவுக்கு எழுத்தை விடக் குரல் பதிவு நல்லது. ஒன்றரை நிமிடத்துக்குள் முடியட்டும். ஹட்டிக் குடும்பங்களுக்கு அதையே படுக மொழியில் ஓர் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். லயன்களில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தால் இந்தியில் ஒரு பதிவு வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் விடுமுறை நாளிலும் பள்ளி வாசலில் வந்து நிற்கும். பின்னால் கூடலூர், பந்தலூர் பக்கம் மாற்றலாகிப் போனால் மலையாளத்திலும் சொல்ல வேண்டியிருக்கும்.

சமவெளியில் இருந்தபோது இல்லாத பெரிய பாடம் மழை விடுமுறை. நீலகிரியில் மழை ஒரே காலத்தில் எல்லா இடத்திலும் பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்குக் கெட்ட மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த நினைவு இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. நவம்பரில் விடாமல் மழை பெய்தால் பெற்றோர் பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள். அதை அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறையைத் தாலுகா வாரியாக அறிவிப்பதுண்டு. 'நீலகிரியில் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று வரும் செய்தி உங்கள் தாலுகாவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் பரப்ப வேண்டும். போன வருடத்து அறிவிப்பு தேதி இல்லாமல் சுற்றி வருவதும் ஒவ்வொரு மழைக்கும் நடக்கிறது. அறிவிப்பு சில நாள் முந்தின இரவே வரும், சில நாள் விடிந்த பிறகுதான் வரும். அதற்குள் அம்மா தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். அதனால் ஜூன் மாதக் கடிதத்திலேயே அழைப்புத் தொடர் ஒன்றை ஏற்பாடு செய்து அறிவித்துவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பக்கத்திலுள்ள ஐந்தாறு வீடுகளை ஒப்படைத்துவிடுங்கள். நீங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்வீர்கள், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வார்கள். எந்த வீடு யார் பொறுப்பு என்பது கடிதத்தில் அச்சாகியிருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் முதல் மழையிலேயே மறந்துபோகும்.

இன்னொரு விதியையும் எழுதிவிடுங்கள். நடுப்பகலில் மழை வலுத்தால் பிள்ளைகளைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், பெரியவர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகும் வரை பள்ளியில் வைத்திருப்போம் என்பது அது. பெற்றோர் இதைப் படித்தால் தோட்டத்தில் நிம்மதியாக இருப்பார்கள். மழை விடுமுறைக்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை பள்ளி என்பதும் முடிவானவுடன் கடிதத்தில் வர வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எத்தனை நாள் முடிந்தது, எத்தனை நாள் பாக்கி என்று ஒரு வரி போட்டால், 'சனிக்கிழமையும் பள்ளியா' என்ற கேள்வி குறைந்துவிடும்.

கட்டடத்தைப் பற்றியும் மாதம் ஒரு வரி வேண்டும். செப்டம்பர் கடைசியில், வடகிழக்கு மழைக்கு முன்பே, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரைப் பாருங்கள். சுவரில் நீர் வடிவதற்கு விட்ட துளைகளில் மண்ணும் வேரும் அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிடலாம். அடைத்த துளையோடு மழைக்காலத்துக்குள் போனால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, அதன் அழுத்தத்தில் சுவர் வயிறு தள்ளும். சுவர் புடைத்திருந்தாலோ, மேட்டில் புது விரிசல் தெரிந்தாலோ, நேராக நின்ற மரம் சாய்ந்திருந்தாலோ, தெளிவாக வந்த ஊற்றுநீர் கலங்கி வந்தாலோ அந்தப் பக்கத்து வகுப்பறையை அன்றே காலி செய்துவிட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இதே அறிகுறிகளைக் கடிதத்திலும் போடுங்கள், பிள்ளைகளின் வீடுகளும் சரிவில்தான் இருக்கின்றன. படிக்கட்டுப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். வழுக்கி விழுந்து கை முறிவது அந்தப் படிகளில்தான்.

அடுத்தது சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய்கறி என்பது அளவு. சமைக்கும் மகளிர் குழு அம்மாக்களுக்கு மலையில் இரண்டு சிக்கல்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஊட்டி உயரத்தில் சுமார் 92, 93 டிகிரியில், கோத்தகிரியில் 94 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். முந்தின இரவே பருப்பை ஊறவைத்து, காலையில் குக்கரில் போட்டால்தான் எட்டு மணிக்கு சாம்பார் தயாராகும். ஊறவைக்க மறந்த நாளில் பருப்பு விதை விதையாக நிற்கும், பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவது, ரவை உப்புமா குளிரில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். தண்ணீரைச் சமவெளியில் ஊற்றுவதை விடச் சற்றுக் கூடுதலாக ஊற்றிக் குழைவாக இறக்கி, மூடிய பாத்திரத்தில் வைத்து, பிள்ளைகள் வந்து உட்கார உட்காரப் பரிமாற வேண்டும். முதல் பஸ் தாமதமானால் அதில் வரும் பிள்ளைகளுக்கென்று தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிடச் சொல்லுங்கள்.

கடிதத்தில் இதெல்லாம் வேண்டியதில்லை. எத்தனை மணிக்குள் வந்தால் காலை உணவு சூடாகக் கிடைக்கும், இந்த மாதம் எந்த நாளில் என்ன உணவு, மதிய உணவோடு முட்டை உண்டு என்பது போதும். முட்டை சாப்பிடாத குடும்பம் முன்கூட்டியே சொல்லட்டும் என்ற வரியும் வரட்டும்.

சமையலறையின் இன்னொரு பக்கத்தை மட்டும் ஊருக்குச் சொல்லியே ஆக வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் சத்துணவுக் கூடங்களை உடைத்து உள்ளே வருவது கரடி. எண்ணெய், வெல்லம், ரவை வாசனைக்கு வரும், மரக்கதவு அதற்கு ஒரு தடையே கிடையாது. எண்ணெய் டின்னை இறுக மூடி, இரும்புக் கதவுள்ள அறையில் வைக்க வேண்டும். சிந்திய எண்ணெயை அன்றே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மிச்சச் சோற்றைப் பின்பக்கம் கொட்டவே கூடாது, மண்ணில் குழி தோண்டி மூடினாலும் தோண்டி எடுக்கும். பக்கத்துக் கோயிலில் விளக்குக்கு எண்ணெய் வைப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள், ஏனென்றால் ஓரிடத்தில் ருசி கண்டால் அடுத்த கட்டடத்துக்கு வந்துவிடும். வரும் வழியில் காட்டெருமை நின்றால் பிள்ளைகள் கல்லெறியாமல், ஓடாமல், அப்படியே பின்வாங்கி நிற்க வேண்டும் என்பதை வருடத்துக்கு மூன்று முறையாவது கடிதத்தில் எழுதுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவிலான குறுக்குப்பாதையை விட, தூரமானாலும் தார் ரோடு நல்லது. தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகளைத் துணைக்கு ஒருவரோடு அழைத்துவரச் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. தகுதியான பிள்ளைகளின் பட்டியலை ஜூனிலேயே வட்டார வள மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

உடுப்பும் உடல்நலமும். மலைப்பகுதிச் சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரசு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை தருகிறது. வந்த அன்றே பெயரை மார்க்கரில் உள்பக்கம் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரே அளவு, ஒரே நிறம், தினமும் தகராறு. மழை மாதங்களில் சீருடை இரண்டு நாளானாலும் காயாது. 'சீருடை காயாவிட்டால் வேறு உடுப்பில் அனுப்புங்கள், பிள்ளையை நிறுத்த வேண்டாம்' என்று பட்டவர்த்தனமாக எழுதினால் வருகை கூடுவதைப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை வரும், அதை மென்று விழுங்க வேண்டும், அன்று வராத பிள்ளைக்கு அடுத்த வாரம் ஒரு நாள் உண்டு என்பது கடிதத்தில் போகட்டும். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் சிக்கில் செல் ரத்தசோகை (பரம்பரையாக வரும் ரத்த நோய்) உள்ள பிள்ளைகள் இருக்கலாம். அவர்களுக்குக் குளிரும் தண்ணீர் குறைவதும் கடும் வலியைக் கிளப்பிவிடும். உறைபனிக் காலையில் அந்தப் பிள்ளையைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெளியே நிறுத்தக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் அடிக்கடி கொடுக்க வேண்டும். இதைக் கடிதத்தில் பொதுவாகவே எழுதுங்கள், எந்தப் பிள்ளை என்பது உங்களுக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

படிப்பைப் பற்றி எழுதும் பகுதிதான் பல கடிதங்களில் வெறும் சொற்களாகிப்போகிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் நமக்குப் புரியும், அம்மாவுக்குப் புரியாது. 'இரண்டாம் வகுப்பில் இந்த மாதம் கொம்பு, கால் வரும் எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கிறோம், வீட்டில் ரேஷன் கடைப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்' என்றால் புரியும். வகுப்புக்கு ஒரு திறன், வீட்டில் செய்ய ஒரு வேலை. அந்த வேலைக்குக் காசு செலவாகக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.

இந்த மலையில் அதற்கு அருமையான பொருள் ஒன்று எல்லா வீட்டிலும் கிடக்கிறது: பசுந்தேயிலை எடைச் சீட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதிலுள்ள தேதியையும் கிலோவையும் வாசிக்கட்டும். நான்காம் வகுப்பு ஒரு வாரச் சீட்டுகளைக் கூட்டட்டும். ஐந்தாம் வகுப்பு, 23 கிலோ 400 கிராமில் ஈரத்துக்காக 2 கிலோ 300 கிராம் கழித்தால் மீதி எவ்வளவு என்று கணக்கிடட்டும். விடை 21 கிலோ 100 கிராம் என்று பிள்ளை சொல்ல, அப்பா சீட்டைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவார். தசமப் புள்ளி அப்படித்தான் மனதில் பதிகிறது. ஒரே எச்சரிக்கை: வீட்டுச் சீட்டை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு வருமானம் என்பது மற்றப் பிள்ளைகள் முன் தெரிய வேண்டாம். வகுப்பில் நீங்களே எழுதிய மாதிரிச் சீட்டு போதும். அதேபோல எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொதுக் கடிதத்திலோ குழுவிலோ ஒருபோதும் போடாதீர்கள். அது பெற்றோரிடம் நேரில் பேச வேண்டியது.

நிகழ்ச்சிகளுக்கு நாள் குறிப்பதில் சமவெளிப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆண்டு விழாவை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் முடிந்து போகையில் இருட்டு, பனி, பாதையில் விலங்கு. கடைசி பஸ்ஸும் போயிருக்கும். வேலை நாள் மதியம் வைத்தால் அம்மாக்கள் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். என் கருத்தில் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு ஞாயிறு காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடிப்பதுதான் சரி. வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் மழை இல்லை, இலை வரத்தும் குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் இலை பெருகும் காலம், அப்போது எந்தக் கூட்டத்துக்கும் ஆள் சேராது. விளையாட்டுப் போட்டி ஜனவரியில் என்றால், புல்லில் உறைபனி உருகி மைதானம் காய்ந்த பிறகு, பதினொரு மணிக்கு மேல் ஓடவிடுங்கள்.

மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகை. பேரகணி முதலான ஊர்களில் படுக மக்கள் வெள்ளை உடுத்தித் திரள்வார்கள், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் விடுவதுண்டு. அந்த ஒரு நாள் விடுமுறையோடு கணக்கு முடிவதில்லை. அந்த வாரம் முழுக்க ஹட்டிப் பிள்ளைகள் உறவினர் ஊர்களில் இருப்பார்கள். தேர்வோ புதுப் பாடமோ அந்த வாரத்தில் வைக்காதீர்கள். ஏப்ரலில் ஊட்டி மாரியம்மன் தேர், மே மாதம் மலர்க் கண்காட்சி. மே விடுமுறையில் போய்விடும், ஏப்ரல் தேர்வு நாட்களோடு மோதும், பார்த்துக்கொள்ளுங்கள். ஹட்டியில் துக்கம் என்றால் ஊரே அங்கே கூடும். அன்று கூட்டம் வைத்திருந்தால் தள்ளிப்போட்டுவிடுங்கள், யாரும் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள்.

விழா மேடையில் தோடர், கோத்தர், இருளர் ஆட்டம் என்று வேறு பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி ஆடவைப்பது இன்னும் நடக்கிறது. அதை நிறுத்திவிட்டு, அந்தச் சமூகத்துப் பெரியவர்களிடம் எதைப் பொதுவில் ஆடலாம், எது சடங்குக்கு மட்டும் என்று கேட்டு, அவர்கள் விரும்பினால் அவர்கள் பிள்ளைகளோடு ஆட அழையுங்கள். படம் எடுக்கவும் பகிரவும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தேநீருக்குப் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் வேண்டாம், அதற்குத் தடை இருக்கிறது. ஹட்டிப் பொதுப் பாத்திரங்களில் எவர்சில்வர் டம்ளர் இருக்கும், எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறையும் கிடைக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். உத்தரவுப்படி நடக்கும் மாதக் கூட்டத்தை அந்த நாளில் நடத்துங்கள். ஆனால் இலை பறிக்கும் உறுப்பினர் மூன்று மணிக்கு வர முடியாது. அவர்களுக்காக முந்தின ஞாயிறு லயனிலோ ஹட்டியிலோ அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அவர்கள் சொன்னதைக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். தீர்மானம் பணம் அல்லது கட்டட வேலை சம்பந்தப்பட்டதென்றால் அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். அதற்கு ஒரு வாரம் முன்பே மனுவை ஊராட்சியில் கொடுத்து, பொருள்நிரலில் சேர்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று காலையில் கொண்டுபோனால் 'இதர' என்ற தலைப்பில் போய்விடும். வரவு செலவை ரூபாய் சுத்தமாகக் கடிதத்தில் போடுங்கள். பணம் குறைவாக இருந்தாலும் கணக்கு வந்தால்தான் அடுத்த உதவி வரும். இந்த ஊர்களில் பணத்தை விட உழைப்பு எளிதாகக் கிடைக்கும். 'ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், ஆறு பேர், மண்வெட்டியோடு' என்று குறிப்பாகக் கேளுங்கள். 'ஒத்துழைப்பு தாருங்கள்' என்று கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

ஒரு டிசம்பர் மாதக் கடிதம் இப்படி இருக்கலாம்:

'பெற்றோருக்கு வணக்கம். டிசம்பர் 5, வெள்ளி: மேலாண்மைக் குழுக் கூட்டம், பிள்ளைகளுக்கு முழு நாள் பள்ளி உண்டு. டிசம்பர் 13, சனி: நவம்பர் மழை விடுமுறைக்கு ஈடாகப் பள்ளி உண்டு, காலை உணவும் மதிய உணவும் உண்டு. டிசம்பர் 23, செவ்வாய்: இரண்டாம் பருவம் முடிகிறது. ஜனவரி 5, திங்கள்: பள்ளி திறப்பு, அன்றே மூன்றாம் பருவப் புத்தகம். ஹெத்தையம்மன் பண்டிகைக்கான விடுமுறை நாள் அறிவிப்பு வந்ததும் உங்கள் பகுதிப் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து சொல்வார்.

காலையில் பனி கடுமை. கம்பளிச் சட்டை, காலுறை போட்டு அனுப்புங்கள். காலை உணவு 8.15-க்கு. பள்ளியில் வெந்நீர் தருகிறோம், டம்ளர் கொண்டுவர வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஒன்றாம் வகுப்பு: 20 வரை பொருட்களை எண்ணுகிறோம். வீட்டில் உருளைக்கிழங்கை எண்ணச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு: கடிகாரம் பார்க்கிறோம். பஸ் வரும் நேரத்தைப் பிள்ளையிடம் கேளுங்கள்.

நவம்பர் கணக்கு: முன்கையிருப்பு 1,840 ரூபாய். முன்னாள் மாணவர்கள் தந்தது 2,000. தடுப்புச் சுவர்த் துளை சுத்தம் செய்யக் கூலி 1,200, பிளீச்சிங் பவுடர் 300. கையிருப்பு 2,340. ரசீதுகளைப் பள்ளியில் யாரும் பார்க்கலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு காலை 9 முதல் 11 வரை மைதான ஓரப் புதரை வெட்ட ஆறு பேர் தேவை. வர முடிந்தவர்கள் அடியிலுள்ள துண்டில் எழுதி அனுப்புங்கள்.'

இரண்டாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத ஒரு மணி நேரம், ஜெராக்ஸ் எடுக்க ஒரு நடை. மாதக் கடைசி வெள்ளிக்கு முந்தின புதன் எழுதி, வியாழன் குழுத் தலைவரிடம் படித்துக் காட்டி, வெள்ளி பிள்ளைகள் கையில் கொடுத்தால் சனி, ஞாயிறில் வீட்டில் படிப்பார்கள். தலைவரிடம் காட்டுவதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத கல்யாணமோ கோயில் விசேஷமோ நீங்கள் குறித்த தேதியில் இருந்தால் அவர்தான் சொல்வார்.

பிப்ரவரிக் கடிதம் மட்டும் நம் பள்ளியில் பிள்ளைகள் படிக்காத வீடுகளுக்கும் போக வேண்டும். மார்ச் தொடக்கத்திலேயே அரசுப் பள்ளிகளில் சேர்க்கையைத் தொடங்கிவிடுகிறார்கள், தனியார் பள்ளி வேன் அதற்கும் முன்பே ஊருக்குள் வந்துவிடும். அங்கன்வாடியில் ஐந்து வயது நிறையப்போகும் பிள்ளைகளின் பட்டியலை வாங்கி, அந்த வீடுகளுக்குக் கடிதத்தோடு நேரில் போங்கள். பள்ளியில் என்னென்ன இலவசம் என்று சொல்வதை விட, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் காட்டுவது பலன் தரும்.

எல்லாக் கடிதத்திலும் ஒரு பிரதி கோப்பில் இருக்கட்டும், ஓரத்தில் எத்தனை துண்டு திரும்பி வந்தது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற குறிப்போடு. ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும், அதனால் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் போனில் படம் எடுத்துவிடுங்கள். மாற்றலாகிப் போகும்போது சாவியோடு அந்தக் கோப்பையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.